ஆச்சு என்று சொல்லும்வரை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், காலம் கண்ணுக்குத் தெரியாது என்று ஞானிகளும் பஞ்சாங்கக்காரர்களும் இதுநாள்வரை சொல்லிவந்தது தவறு. தெரியும். திருவண்ணாமலையில், என் வீட்டுப் பின்கட்டில், கிழக்குப் பார்த்த ஒரு சுவரில் தெரிந்தது. அதை வருஷந்தவறாமல் படம் பிடித்தவன் கோதண்டராமனாகிய நான்.

இன்ஸ்பெக்டர் அர்ஜுனன், இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். சோடாவுக்கு நன்றி. காற்றுப் போயிருந்தது, இருந்தாலும் நன்றி.

இந்த ஊரில் காமிரா வைத்திருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். மொட்டை போட்ட குழந்தையைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, கோபுரத்தின் தலையை வெட்டிவிட்டுக் காசு வாங்குகிற கூட்டம். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் உட்காரவைக்கிற கூட்டம். நானும் தேரடித் தெருவில் ஸ்டூடியோ வைத்து பாஸ்போர்ட் சைஸ் முகங்களை எடுத்தவன்தான். உங்கள் முகத்தையும் எடுத்திருக்கிறேன். தாடையை இறக்கச் சொன்னேன், நீங்கள் மீசையை ஏற்றினீர்கள். அதெல்லாம் பிழைப்பு. நான் இப்போது சொல்வது கலை.

பின்கட்டு போர்ஷனில் சுப்பிரமணி குடியிருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவி தனம், மகள் கவிநிலா. பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைத்தவன் ஆட்டோவின் முதுகில் கவிதை எழுதியிருப்பான் என்று நினைத்தேன். எழுதியிருந்தான்.

1993 தீபத்தன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வெளிச்சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தேன். மயிரிழைதான். அதன் பக்கத்தில் அந்தக் குழந்தை ஏற்றாத அகலை ஏந்திக்கொண்டு நின்றது. மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் இங்கே வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அதுவரை ஊரே அண்ணாந்துகொண்டு நிற்கும். மேலே மலை, நடுவே சுவர், கீழே குழந்தை. மலை மாறாது, சுவர் பிளக்கும், குழந்தை வளரும். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் கொடியில் சுப்பிரமணியின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

அந்தி வெளிச்சம் படத்துக்குப் போதாது. ஃப்ளாஷ் அடிப்பது கல்யாண மண்டபத்துக்காரர்களின் வேலை. ஆகவே ஷட்டரைச் சில வினாடிகள் திறந்தே வைக்க வேண்டும். அதுவரை நிற்கிறவர் அசைந்தால் முகம் கலங்கிவிடும். கவிநிலாவுக்கு ஒரு விதி கற்றுக்கொடுத்தேன்: நான் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை சிலையாக நிற்க வேண்டும். சொன்னதும் ஓடிவிடலாம். முதல் வருஷம் கொசு கடித்து ஆடிவிட்டாள். தனம் சிரித்தாள். நான் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை. மறு வருஷத்திலிருந்து அவள் ஆடவில்லை.

வாயாடிதான். “சார், இந்த வருசமாச்சும் சிரிக்கட்டுமா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“காலம் சிரிக்காது.”

“ஏன் சார், அதுக்குப் பல்லு வலியா?”

தனத்துக்கு இதெல்லாம் வேடிக்கை. “செவுத்தப் போயி வருசா வருசம் படம் புடிக்கிறீங்க. எங்க ஊட்டுக்காரரு மூஞ்சிய ஒரு தபா புடிச்சதில்ல. செவுரு அவ்ளோ லட்சணமா?” என்பாள். லட்சணம்தான். சுப்பிரமணியின் முகத்தில் பத்து வருஷம் கழித்தும் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை.

விரிசலில் விரல் நுழைகிற அளவு வந்தபோது அவன் என்னிடம் வந்தான்.

“செவுரு தொறந்துகினே போவுது சார். பல்லி உள்ள பூந்து குடும்பமே நடத்துது. ஒரு மேஸ்திரிய இட்டாந்து காட்டுங்க சார்.”

“ஆடி மாசம்பா. ஆடியில எவனாவது கொத்து வேலை ஆரம்பிப்பானா?”

தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஆவணியில் திரும்ப வந்தான். அப்போது தனம் இரண்டாவது முறையாக முழுகாமல் இருந்தாள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. என்னுடையதல்ல. நான் ஞாபகம் மட்டும் படுத்தினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். அந்தக் குழந்தை தங்கவில்லை. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை வேலை எதுவும் வேண்டாம் என்றேன். எனக்கே நன்றி சொன்னான். அப்புறம் புரட்டாசி இருந்தது, மார்கழி இருந்தது. இந்த ஜனங்களுக்கு ஆகாத மாதங்களும் நாட்களும் ஏராளம். நான் ஒன்றையும் வீணடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டூடியோவில் இருந்தபோது அவனே சிமெண்ட்டைக் குழைத்து, தோசைக் கரண்டியால் விரிசலில் அப்பிவிட்டான். காய்வதற்குள் வந்து சுரண்டி எடுத்தேன். மண்சாந்து வைத்துக் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் ஆகாது, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

வேறு வீடு பார்த்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வருஷங்களில்தான் பௌர்ணமி கிரிவலத்துக்குக் கூட்டம் பொங்கி, இந்த ஊரில் மாட்டுக் கொட்டகைகூட லாட்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. நான் வாடகையை ஏற்றவில்லை. என்னைப் போல ஒரு வீட்டுக்காரர் கிடைக்கமாட்டார் என்று சுப்பிரமணி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் ஒரு சோதனை வந்தது. விரிசல் நின்றுவிட்டது. படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். பெண் வளர்ந்திருந்தாள், பின்னல் இடுப்பைத் தொட்டிருந்தது, சுவர் மட்டும் அப்படியே. காலம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது போலிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மனதைத் திருப்ப வீட்டில் சில்லறை மராமத்து பார்த்தேன். மாடிக் குளியலறையின் குழாய் பழசாகியிருந்தது, அதை மாற்றினேன். அடுத்த தீபத்துக்குள் காலம் வேலைக்குத் திரும்பிவிட்டது. விரிசலில் கை போயிற்று.

அதற்குப் பிறகு வளவன் வந்தார். சென்னையில் பெரிய கலை விமர்சகர். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, பைக்குள் அவரைப் பற்றி அவரே எழுதிய கட்டுரைகள். என் படங்களைத் தரையில் பரப்பி, நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“கோதண்டராமன் சார், இது சுவரோட விரிசல் இல்ல. நம்ம நாகரிகத்தோட விரிசல்.”

ஆமாம் என்றேன்.

“இந்தப் பொண்ணு, பிரபஞ்சத்தோட சாட்சி.”

அதற்கும் ஆமாம் என்றேன். அந்தச் சாட்சி அப்போது ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தது. வளவன் செருப்பில்லாமல் கிரிவலம் வந்திருந்தார், கால் கொப்புளித்திருந்தது. என் குளியலறையில் அரை மணி நேரம் காலைக் கழுவினார். போகும்போது கண்காட்சிக்குத் தலைப்பும் கொடுத்தார்: ‘காலத்தின் கையொப்பம்’. முடிவாக ஒரு படம் மட்டும் வேண்டும், ஒரு உச்சம் வேண்டும் என்றார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

2003 தீபத்துக்கு முன் ஒரு வாரம் விடாத மழை. அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. சுப்பிரமணி சவாரிக்குப் போயிருந்தான். காமிரா முக்காலியை நான் வழக்கமான இடத்தில் ஊன்றியபோது தனம் குறுக்கே வந்தாள்.

“சார், இந்த வருசம் அங்க வாணாம் சார். செவுரு புள்ளத்தாச்சி வயிறு மாரி தள்ளிகினு கீது. வேப்ப மரத்தாண்ட நிக்க வெச்சிப் புடிங்க.”

“பத்து வருஷமா ஒரே இடம் தனம். இப்ப மாத்தினா அத்தனையும் வீண்.”

“செவுரு வுழுந்துட்டா?”

“இத்தனை வருஷம் விழலயே.”

கவிநிலா பாவாடையைச் சரிசெய்துகொண்டு, “உடும்மா, ஒரு நிமிசம்தான். சார் பாவம்” என்றாள். நான் தனத்தை முன்பக்கம் போய் அகல்களை அடுக்கச் சொன்னேன். போனாள்.

மலையில் தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்தது. அத்தனை லட்சம் பேரும் மேலே பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். ஷட்டரைத் திறந்தேன். சுவருக்குள்ளிருந்து, யாரோ முறுக்கைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

அவளுக்கும் அது கேட்டது. தலை திரும்பவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. ‘ஆச்சு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஓடியிருப்பாள். எப்போதும் சிட்டாகத்தான் ஓடுவாள். சுவரின் தலை மெதுவாக முன்னால் வந்துகொண்டிருந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. சுவர் புகை மாதிரி, மலைமேல் பொட்டு வைத்தது மாதிரி தீபம், பெண்ணின் முகம் மட்டும் அவ்வளவு துல்லியம். துளி அசைவில்லை. உதட்டோரம் லேசாகச் சிரித்திருக்கிறாள். விதிமீறல்தான், மன்னித்துவிட்டேன்.

தனம் வெறும் கையால் செங்கல்லை வாரிப் போட்டாள். நானும் உதவினேன், ஃபிலிமைப் பத்திரப்படுத்திவிட்டு. தூறல் போடும்போலிருந்தது. பெண்ணை வெளியே எடுத்தபோது உயிரில்லை. மழையில் விழுந்த பழைய சுவர் என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தப் படத்தை ஒரு வருஷம் யாருக்கும் காட்டவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசு உண்டு. பிறகு கண்காட்சி. வளவன் முக்கால் மணி நேரம் பேசினார். கலெக்டர் ஆபீஸ் பெரிய மனிதர்கள் தாடையைத் தடவிக்கொண்டே வடை சாப்பிட்டார்கள். நீங்கள் பந்தோபஸ்துக்கு வந்து வாசலில் நின்றீர்கள். தனம் எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். கடைசிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். “புள்ள உங்களத்தான் சார் பாக்குது” என்றாள். நீங்கள் அவள் பின்னால் வந்து நின்று, “இது எடுக்கும்போது நீங்க எங்க சார் நின்னுட்டிருந்தீங்க?” என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கண்காட்சியில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

கொலை என்று எழுதப்போகிறீர்கள். உங்கள் படிப்புக்கு அந்தச் சொல்தான் தெரியும். அவளைக் கொன்றது காலம். நான் பக்கத்தில் நின்று பதிவு செய்தேன், அவ்வளவுதான்.

மாடிக் குழாயைப் பற்றியும் சொன்னால்தான் வாக்குமூலம் முழுமையாகும் என்கிறீர்கள். சரி. அது தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பதில் நான்தான் அதை அறுத்து, மண்ணுக்கடியில் திருப்பி, பின்கட்டுச் சுவரின் அடியில் விட்டேன். வளவன் கால் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போயிற்று.

சுவரை இடித்தது என் குளியல் தண்ணீர்.