சிவப்பு லேபல்

கண்டி மாநகரில் சங்கீதத்தைக் காதால் கேட்கிறவன் நான் ஒருவன்தான், சேர். மற்ற ரெக்கோட் சேகரிப்பாளர்கள் எல்லோரும் லேபலைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் இதுவும் இருக்கட்டும்.

தேவராசா அங்கிள் நாவலப்பிட்டியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இங்கே தனியாக இருந்தார். அவரிடம் ஒரு வயலின் ரெக்கோட் இருந்தது. முதல் அச்சு, சிவப்பு லேபல். அதே கச்சேரியின் பிந்திய அச்சு, பச்சை லேபல், கலகெதரப் பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்தது. பச்சையில் வயலின் குளித்துப் பவுடர் பூசி வந்து நிற்கும். சிவப்பில் வில் தந்தியை உரசுவது கேட்கும். மிருதங்கம் வயிற்றில் இடிக்கும்.

"அத எனக்குத் தந்துடுங்களே அங்கிள்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்.

"நான் செத்தாப்பிறகு எடும், ஸிபான் தம்பி" என்பார். நியாயமான பேச்சு. காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் பச்சையையும் கொண்டுபோனேன். அவருக்குக் குஷி.

"சுவரைப் பாத்துக்கொண்டு இரும். ஒண்டைப் போடுறன். என்ன லேபல் எண்டு சரியாச் சொன்னால், சிவப்பு உமக்கு."

கேட்டேன். "சிவப்பு" என்றேன்.

"பச்சை, ஐசே. உமக்குக் கண் மட்டும்தான் இருக்கு."

தகரக் கூரையில் மழை. மழையில் யாருக்கும் தவறும்.

அவருக்கு ஆஸ்துமா. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகியது. மேசையில் இருந்த பம்பைக் கை காட்டினார். எடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம், அவரே போட்டது: ரெக்கோட் ஓடும்போது, அந்தப் பக்கம் முடியும்வரை யாரும் கதைக்கக் கூடாது, கதிரையை விட்டு எழும்பக் கூடாது. ஒருமுறை தும்மியதற்கு என்னை வெளியே அனுப்பியவர்.

"இந்தப் பக்கம் முடியட்டும் அங்கிள்" என்றேன்.

எழும்பப் பார்த்தார். தோளைப் பிடித்து அமர்த்தினேன். பக்கத்துக் கதிரைதான், கை எட்டியது.

தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் அவர் அடங்கிவிட்டார். பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி, பம்பை அவர் கையில் வைத்து, சிவப்பை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன நிபந்தனைதானே. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காது இல்லாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

இரண்டு ரெக்கோட்டும் பிளேயரும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. ஒன்றைப் போடுங்கள். நான் அந்தக் கண்ணாடி அலுமாரியின் பக்கம் திரும்பி உட்கார்கிறேன்.

சிவப்பு, சேர்.

ஓ. ஊசியை இன்னும் வைக்கவில்லையா.