கறுப்புக் கட்டம் கட்டின வீட்டு விளம்பரம்

...அதான் கேக்குறேன் தம்பி, ஒருத்தி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா சந்தோஷப்படணுமா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா? பக்கத்து வீட்டு நெவேனா இருக்காளே, செத்தவங்களுக்குப் படைக்கற மாதிரி கோதுமைய அவிச்சு, சக்கரையத் தூவி, கிண்ணமும் கையுமா அழுதுகிட்டே வந்தா. கதவத் தொறந்தது யாரு? நானு! "ஒரு காலைப்பொழுத வீணாக்கிட்டியேடி யொர்தாங்கா"ன்னு திட்டிட்டுப் போறா! அந்தக் கோதுமைய நான்தான் தின்னேன். நல்லாவே இருந்துச்சு. ராத்திரிக்கும் கொஞ்சம் வெச்சிருக்கேன்.

வாங்க, உள்ள வாங்க. எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? கம்பத்துல ஒட்டுன போட்டோவுல இருக்கறது நான்தான். இருபது வருஷத்துக்கு முந்தி எடுத்தது, அவ்ளோதான். வீடு பாக்கத்தானே வந்தீங்க? பின்ன, இவ்ளோ பெரிய பையத் தூக்கிகிட்டு இந்த மேடு ஏறி வேற எதுக்கு வரப்போறீங்க! எந்த ஊரு? செவ்லியேவோவா? நல்லது, நல்லது. உள்ளூர்க்காரங்க வேண்டாம் எனக்கு, எல்லாம் தெரிஞ்சுகிட்டுப் பேரம் பேசுவாங்க.

எல்லாம் அந்த அச்சுக்கடை கிரில் பண்ண வேலை! வீடு விக்கிறேன்னு நோட்டீஸ் அடிடான்னா, சாவு நோட்டீஸ் மாதிரியே அடிச்சிருக்கான். சுத்திக் கறுப்புக் கட்டம், நடுவுல என் போட்டோ, கீழ கொட்டை எழுத்துல என் பேரு. ரெண்டு மாடி, ஓட்டுக் கூரை, தோட்டத்துல நாலு பிளம் மரம், அதெல்லாம் எறும்பு சைஸுல! யாரு படிப்பா? கட்டத்தப் பாத்ததுமே சிலுவை போட்டுகிட்டு "அய்யோ, போன வாரம் சந்தையில பாத்தேனே"ங்கறாங்க. மூணு பேரு பூவோட வந்தாங்க தம்பி. எல்லாம் ரெட்டைப்படையில! ரெட்டைப்படைப் பூ செத்தவங்களுக்குத்தானே, உயிரோட இருக்கறவளுக்கா! ஒவ்வொண்ணுலயும் ஒரு பூவ உருவி எறிஞ்சுட்டு ஜாடியில வெச்சிருக்கேன், அதோ பாருங்க. ஆனா போன் மட்டும் ஒண்ணுகூட வரல. செத்தவளுக்கு யாரு போன் பண்ணுவா?

என்ன சொல்றீங்க? கிரில் மேல புகாரா? வேண்டாம், வேண்டாம்... பாவம், புள்ளகுட்டிக்காரன். அது வந்து... சரி, உங்ககிட்ட என்ன மறைக்கறது. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் போடுடான்னு அடம் புடிச்சேன். மொதல்ல வெள்ளைத் தாளுல, கீழ போன் நம்பர வெட்டி வெட்டித் தொங்க விட்டு ஒட்டினேன். ரெண்டு மாசத்துல ஒரே ஒரு துண்டு கிழிஞ்சிருந்துச்சு. அதுவும் நான் கிழிச்சது, நாலு பேரு கேக்குறாங்கன்னு தெரியட்டுமேன்னு! நம்ம ஜனங்க எதப் பாத்தா நின்னு படிக்கறாங்க? செத்தது யாருன்னுதானே? சரி, கறுப்புக் கட்டமே போடுவோம்னு... நின்னாங்க தம்பி, ஊரே நின்னுச்சு!

தரகு பாக்குற பொண்ணு ஒண்ணு வந்தா. ரொட்டி சுட்டு வைங்க, வீடு மணக்கும்னா. சுட்டேன். அப்பறம், "அம்மா, ஆளுங்க வந்தா நீங்க பேசாம இருந்தாலே வித்துரும்"னா. நான் என்ன அவ்ளோவா பேசறேன்?

பேசத்தான் ஆள் இல்ல. போன பனிக்காலம் முழுக்க அடுப்புகிட்டதான் பேசினேன். இன்னொரு பனிக்காலம் இந்த வீட்டுல தனியா என்னால முடியாது தம்பி, நெசமாவே முடியாது. என் தங்கச்சி வெசெலா புர்காஸ்ல கடலோரமா இருக்கா. பக்கத்து வீட்ட எனக்காகப் பேசி வெச்சிருக்கா. பணம் கட்டத் திமித்ரி திருநாள் வரைக்கும்தான் தவணை. இன்னும் ஒம்போது நாளு...

என்ன தேடறீங்க பையில? அளவு நாடாவா? ஓ, படப் புத்தகமா? குடுங்க. பளிங்கு... கறுப்புக் கல்லு... சமையக்கட்டுக்கா? கொஞ்சம் குட்டையா இருக்கே... அய்யய்யோ, சிலுவை! நீங்க கல்லறைக் கல்லு விக்கறவரா! எனக்கா? ஹா ஹா ஹா... இருங்க, சிரிச்சு வயிறு வலிக்குது.

எங்க எந்திரிக்கறீங்க? மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்க பட்டறை எங்க இருக்கு? வாடகையா? நெடுஞ்சாலையில, டயர் கடைக்குப் பின்னாலயா! அங்க யாரு வருவா? அதான் கம்பம் கம்பமாச் சாவு நோட்டீஸப் படிச்சுகிட்டு வீடு வீடா அலையறீங்க.

இப்படிப் பின்கட்டுக்கு வாங்க. தரகுப் பொண்ணு சோஃபியாவுலேந்து கூட்டிகிட்டு வந்தவங்க யாருக்கும் இந்தத் திரைய நான் விலக்கினதே இல்ல. வெயில் அடிக்கும்னு சொல்லிச் சமாளிச்சேன். உங்களுக்கு விலக்கறேன். பாருங்க. சந்துக்கு அந்தப் பக்கம் என்ன தெரியுது? ஆமா தம்பி, கல்லறைத் தோட்டத்து வாசல். ஊருல யாரு போனாலும் இந்த ஜன்னலத் தாண்டித்தான் போகணும். கல்லு ஏத்தின லாரி திரும்பத் தோட்டத்துல எடம் இருக்கு.

என்ன, பைய கீழ வெச்சுட்டீங்க! வைங்க, வைங்க. பாத்துகிட்டே இருங்க, அவசரமில்ல. நான் வெசெலாவுக்கு ஒரு போன் போட்டு, அந்த வீட்டுல சாமான் வைக்கறதுக்கு எடத்தப் பெருக்கி வைக்கச் சொல்லிட்டு வந்துர்றேன்.