தண்ணீரின் அளவு

சவூதியில், இந்த ஜுபைலில் கோடைக்காலத்தில் பச்சைத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது, கலீல் பாய். குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். நீங்களும் இங்கே இருக்கிறவர், உங்களுக்குத் தெரியும். இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது இதிலிருந்தே ஆரம்பியுங்கள். பிரச்சினையே தண்ணீர்தான்.

என் பெயர் விஜயபாஸ்கர். பைப் ஃபிட்டர். கேம்ப்பின் கடைசியில் சும்மா கிடந்த ஸ்டோர் ரூமில் ராமையா அண்ணன் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். என் ஊர்க்காரர், எனக்கு விசா வாங்கித் தந்தவர். பானையிலிருந்து வரும் ஆவி சுருள் குழாய்க்குள் போய், குளிர்ந்து, சொட்டாக விழ வேண்டும். சுற்றிலும் வெந்நீரை விட்டால் எங்கே குளிரும்? பாதி ஆவி அறைக்குள்ளேயே பரவியது. வாடை வெளியே வரப் பார்த்தது. "தம்பி, இதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுடா" என்றார்.

பண்ணினேன். ஒரு டிரம்மில் ஐஸ் தண்ணீர், ஏர்கூலரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார், நடுவில் ஒரு வால்வு. தண்ணீர் வேகமாக ஓடினால் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும். மெதுவாக ஓடினால் ஆவி குளிராமல் வெளியே வரும். பக்கத்திலேயே காஸ் அடுப்பு எரிகிறது. அதனால் சரியான இடம் பார்த்து வால்வில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்ட விட்டுத் திருப்பாதீங்கண்ணே" என்று சொல்லியும் வைத்தேன். அவர் அதைத் தொட்டதே இல்லை.

அவர் உள்ளே இருந்து காய்ச்சுவார். ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்லித்தான் அந்த வழக்கம்.

என் மனைவி உமாராணிக்குக் கர்ப்பப்பையில் புற்று. இனி வைத்தியம் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் மூச்சு மட்டும்தான் கேட்கும். ஒருநாள் தெளிவாகச் சொன்னாள்: "ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடுங்க." லீவு கேட்டேன். பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை முடியட்டும் என்றார்கள். சூப்பர்வைசரின் காலைப் பிடித்து அழுதேன். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. "மாஃபி லீவ், கலாஸ்" என்று, லீவு கிடையாது, அவ்வளவுதான் என்று காலை உதறிக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் எங்கள் கேம்ப்பில் தென்காசிக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனார். பிணப் பெட்டியோடு யாராவது ஊருக்குப் போக வேண்டுமே என்று, அவர் ஊர்க்காரன் ஒருவனுக்கு மறுபேச்சில்லாமல் லீவும் டிக்கெட்டும் கொடுத்தார்கள். அதுவும் ஷட்டவுன் சமயம்தான்.

இந்தக் கேம்ப்பில் என் ஊர்க்காரர் ராமையா அண்ணன் ஒருவர்தான்.

அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதை அழுத்திச் சொல்லுங்கள் பாய். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கேம்ப்பில் சிலர் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் தூங்கினார்கள். அண்ணனும் சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தார். வால்வைக் கோட்டிலிருந்து கொஞ்சம் திருப்பினேன். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வெளியே வந்து எப்போதும்போலத் தாழ்ப்பாள் போட்டேன்.

தீப்பிடித்தபோது பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி இருந்தது. "தம்பி, தொறடா" என்று கூப்பிட்டார். ஒரு தடவை. இல்லை, நிறையத் தடவை. பிறகு என்னை விட்டுவிட்டு, பூவாயி, பூவாயி என்று அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டார். எழுந்து போனேன். தாழ்ப்பாள் சுட்டது. கையை எடுத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு திறந்தபோது சத்தம் நின்றிருந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கதவைத் திறந்தவன் என்றுதான் கேம்ப்பில் என்னைச் சொல்கிறார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த அடுப்பை அமைத்தது யார் என்று தெரிந்து கேஸ் முடிகிறவரை உடம்பைத் தர முடியாது என்கிறார்கள். அண்ணன் பிணவறையில் கிடக்கிறார். உமாராணியின் போனை அவள் தம்பிதான் எடுக்கிறான். "இன்னும் உசுரு இருக்கு மாமா. சீக்கிரம் வாங்க" என்கிறான்.

அதனால்தான் நானாகவே வந்தேன். ஆமாம், அடுப்பை அமைத்ததும் நான், தண்ணீரைக் குறைத்ததும் நான், கதவைத் திறக்காதவனும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கேஸ் முடிந்துவிட்டதல்லவா, இன்றைக்கே அண்ணனைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள் பாய். கூடப் போவதற்கு நான் துணிமணியெல்லாம் எடுத்துவைத்துவிட்டேன்.