உள்ளங்கையைக் கீழே அமுக்கினால்

சைக்கிளில் மணி இல்லாமல் ஓட்டுவது தப்பு என்று எனக்குத் தெரியும். என் வண்டியில் அதைக் கழற்றி வைத்தது நான்தான். கடலோரப் பாதையில் மணி அடித்தால் சேற்றில் மேயும் உள்ளான் பறவைகள் கூட்டமாக எழுந்துவிடும். குளிர் முடிந்து அவை வடக்கே திரும்பும் பருவம் அது. நாடு நாடாகக் கடந்து போகிற பறவைகள் நம் கரையில் இறங்குவது நமக்கு வேடிக்கை காட்ட அல்ல, வயிற்றை நிரப்ப. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் உடம்பில் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரையும். கடைசியில் போய்ச் சேராமல் நடுவழியில் விழும். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் போட்டுக்கொண்டவர் எவருமில்லை.

என் தங்கை கணவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மனக்கசப்பில் பேசுவதாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கலகலப்பானவர், வாய் ஓயாது. தொப்பையைக் குறைக்க சைக்கிள் ஓட்டச் சொல்லி டாக்டர் விரட்டியதும் என்னோடு ஒட்டிக்கொண்டார். பறவை பார்க்கும் இடத்தில் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. கையைத் தூக்கினால் நில். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் அசையாதே. இதை அவருக்குப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழகிய பிறகு அது அவருக்கு விளையாட்டாகவே ஆனது. சாப்பாட்டு மேசையில் நான் கையை அமுக்குவேன். வாயில் வைத்த கவளத்தோடு அவர் சிலையாக உட்கார்ந்திருப்பார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வாரம் கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று வந்திருந்தது. அலகின் நுனி குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். உலகத்தில் மிச்சமிருப்பவை மிகவும் கொஞ்சம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அவருக்கு மட்டும் காட்டினேன். மறுநாள் காலை கரையில் வண்டிகளைச் சாய்த்து வைத்தபோது அவர் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எங்க ஆபீஸே சைக்கிள்ல இங்க வருது மச்சான். எத்தனை நாளைக்குத்தான் நீங்க ஒத்தையா பாத்துக்கிட்டு இருப்பீங்க? நீங்கதான் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லணும்."

எனக்குப் பெருமை தேடித் தருவதாக அவர் நினைத்திருந்தார். அத்தனை பேர் வந்தால் கரையில் ஒரு பறவை தங்காது. ஆனாலும் நல்லது என்றுதான் சொன்னேன். அவர்களை இழுக்க ஒரு படம் வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். சேறு தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். அது பொய் இல்லை. நடந்துகொண்டே இருக்கிறவரை அந்தச் சேறு தாங்கும். நின்றால்தான் காலைப் பிடிக்கும்.

கடல் ஏறும் நேரம் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் பறவைகள் கரையை ஒட்டி வரும், அதற்காகத்தான் அப்போது போகிறோம். அங்கே தண்ணீர் எதிரே இருந்து வருவதில்லை. கரைக்கும் சேற்றுத் திட்டுக்கும் நடுவே ஒரு ஓடை இருக்கிறது, முதலில் நிரம்புவது அதுதான். திட்டில் நிற்பவர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார், முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். அவருக்கு நீச்சல் தெரியாது. இது எங்கள் வீட்டில் எல்லோரும் கேலி செய்கிற விஷயம்.

அவர் ஓடையைத் தாண்டிப் பறவைக் கூட்டத்தை நெருங்கினார். நான் கையை அமுக்கினேன், நின்றார். படம் எடுத்தார். சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தார். என் கை தாழ்ந்தே இருந்தது. தலையாட்டிவிட்டு நின்றார். ஓடை நிரம்பியது. தொலைநோக்கியில் அவர் முகம் தொட்டுவிடும் தூரத்தில் தெரிந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது என்னைப் பார்த்து இளித்தார், இதற்கும் அசையக்கூடாதா என்று கேட்பதுபோல. கூடாது என்று கை சொன்னது. பிறகு காலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. மச்சான் என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. பறவைகள் கலைந்துவிடும் என்று குரலை அடக்கிக்கொண்டு கூப்பிட்டார்.

பாதையில் வேறு யாரும் இல்லை. என் வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு கயிறு கட்டியிருக்கும். அது கட்டியபடியே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே அண்ணா, அது ஒண்ணுதான் ஆறுதல். அவரு தனியா போகல," என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கரைக்கு வரவில்லை. பறவைகள் நன்றாக மேய்ந்தன. தத்தம் நேரத்துக்குக் கிளம்பிப் போயின. ஒரு உயிருக்காக வருந்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கூட்டம் கலையக்கூடாது என்றுதான் கையை எடுக்காமல் இருந்தேன் என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அதில் ஒரு திருத்தம். அவர் மறுபடியும் காலை உருவப் பார்த்து முழங்கால் குத்தி விழுந்தார், அப்போதே உள்ளான்கள் எல்லாம் எழுந்து போய்விட்டன. கரண்டிமூக்கும் போய்விட்டது. அந்தச் சேற்றில் அவரைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்போது அவருக்குத் தண்ணீர் இடுப்புக்குக்கூட வரவில்லை.