நாலாவது விசில்

சனிக்கிழமை காலை. சான்டா கிளாரா இந்தியக் கடையில் பில் போட நீண்ட வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முருங்கைக்காய் வைத்திருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக் குக்கர் நேத்து ஜாஸ் கச்சேரில வாசிச்சுதுடி."

"என்னடி உளர்றே?"

"என் பொண்ணு காலேஜ்ல பாடினா இல்ல, டிரம்பெட், டிராம்போன் கோஷ்டியோட? பேரன்ட்ஸ் எல்லாம் ஜூம்ல பார்த்தோம். நாங்க கைதட்டறது கேக்கணும்னு அங்க ஸ்பீக்கர் வெச்சிருந்தாங்க. முதல் பாட்டுக்குத் தட்டிட்டு மியூட் பண்ண மறந்துட்டேன்."

"ஐயையோ!"

"அடுத்தது ரொம்ப மெதுவான பாட்டு. நடுவுல முதல் விசில். பாடிக்கிட்டே கேமராவை முறைக்கறா."

"மியூட் பண்ண வேண்டியதுதானே?"

"லேப்டாப்புக்கு ஓடறதா, அடுப்புக்கு ஓடறதான்னு நிக்கறேன், ரெண்டாவது விசில். அவ அதே ஸ்ருதியைப் பிடிச்சுட்டா! மூணாவதுக்கு டிரம்பெட்டெல்லாம் பதில் வாசிக்குது. ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லாரும் வாசிக்கறதை நிறுத்திட்டு, நாலாவதுக்குக் காத்துக்கிட்டு நிக்கறாங்க."

"வந்துதா?"

"எப்படி வரும்? துவரம்பருப்புக்கு மூணு விசில்தானே. ஆஃப் பண்ணிட்டேன்."