கடைசிச் சுற்றில் தாயை அழைப்பார்கள்

குழந்தையை நடனத்தில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். சிமென்ட் மேல் விரிப்பைப் போட்டு மூடியிருந்தால் அந்தப் பள்ளி வேண்டாம், முழங்கால் போய்விடும். அடியில் சட்டம் வைத்து அடித்த மரத்தளமாக இருக்க வேண்டும், குதித்தால் லேசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் ஏறி இறங்கிய பள்ளிகளில் ஒன்றில்தான் அப்படி இருந்தது. என் மகள் உல்யாவை அங்கேதான் சேர்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன். எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள், ஐயா.

எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள். காகித ஆலை, அதன் புகை, அதன் உணவுக்கூடம். பதினெட்டு வயதிலிருந்து அந்த உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். உல்யாவோடு படிக்கும் பெண்கள் நாளை எனக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். உல்யா நிற்கக் கூடாது. அவளுக்கு அப்போது பத்து வயது. காலைத் தூக்கினால் காதைத் தொடும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதவு அந்தக் கால்தான்.

நகரத்து பாலே பள்ளியில் தேர்வு பல சுற்றாக நடக்கும். பாதம், இடுப்பு, முதுகு, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கடைசிச் சுற்றில் தாயை உள்ளே அழைப்பார்கள். பேசுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. பத்து வயதில் எல்லாக் குழந்தைகளும் குச்சிதான். பதினைந்தில் என்ன ஆவார்கள் என்பது தாயின் உடம்பில் தெரியும்.

எங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை எல்லாச் சுற்றும் தேறியிருந்தது. அதன் தாய் உள்ளே போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. ஆசிரியை எல்வீரா அர்காத்யெவ்னா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இன்னும் அஞ்சு வருஷத்துல மேடையில இவளைத் தூக்க எங்க பசங்க கிரேன் கொண்டாரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாயும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள். நான் அவளைவிட ஒரு சுற்று பெரியவள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, எங்கள் முறை வருவதற்குள் உல்யாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் தங்கை ரிம்மா அந்த நகரத்திலேயே இருந்தாள். பிள்ளை இல்லை. ஊசி மாதிரி இருப்பாள். அடையாளத்துக்குக் காட்டும் என் பாஸ்போர்ட்டில் இருந்தது நான் மெலிந்திருந்த காலத்துப் படம். முகம் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.

"ஏன்க்கா, நீ தின்ன கட்லெட்டுக்கெல்லாம் நான் பட்டினி கிடந்து பதில் சொல்லணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் அவளை ஒருமுறை திரும்பி நிற்கச் சொன்னார்களாம். "இப்படி ஒரு அம்மா இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார்களாம். இடம் கிடைத்தது. என் பெயரை எழுதி ரிம்மா கையெழுத்துப் போட்டாள்.

ரயிலில் உல்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "யாரு கேட்டாலும் சித்திதான் அம்மா. தூக்கத்துல கேட்டாலும்."

"அப்ப நீ யாரு?"

"நான் பெரியம்மா."

"பெரியம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளி விடுதியில் அவளைப் பார்க்க ஞாயிறுதோறும் ரிம்மா போனாள். நான் போகவில்லை. போனால் எல்லாம் கெட்டுவிடும். இரண்டாம் குளிர்காலத்தில் விடுமுறைக்கு மூவரும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். அங்கே வைத்துத்தான் ரிம்மா உல்யாவின் காலுறையைக் கழற்றிக் காட்டினாள். கணைக்கால் எலும்பின் மேல் ஒரு வீக்கம்.

"எலும்பு விரிசல் விட்டிருக்குக்கா. அதோடவே குதிச்சிருக்கா. சொன்னா வெளிய அனுப்பிருவாங்கன்னு வாயை மூடிட்டு இருந்திருக்கா."

"எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்" என்றேன்.

"திங்கட்கிழமை போய் இவளை அங்கேருந்து எடுத்துடப் போறேன்."

"எடுக்க நீ யாரு?"

"அங்க நான்தான் அம்மா. கையெழுத்துப் போட்டவ நான். உன்னை வாசல்காரன் உள்ளேயே விடமாட்டான். நீயே செஞ்சு வச்ச ஏற்பாடு இது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் செய்துவிடுவாள் என்று தெரிந்தது. மூன்று நாள் கெஞ்சினேன். காலைக்கூடப் பிடித்தேன். "எந்திரிக்கா, முழங்கால் வலிக்கும்" என்றாள்.

அறையைச் சூடாக்கும் எங்கள் பக்கத்து அடுப்புகளை நீங்கள் அறிவீர்கள். கரியில் நீலச் சுடர் அடங்கும்வரை புகைக்குழாய்த் தகட்டை மூடக் கூடாது. மூடினால் விஷக்காற்று அறைக்குள்ளேயே நிற்கும். அதற்கு மணமும் இல்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும்.

ஞாயிறு மதியம், சாப்பிட்டபின் ரிம்மா அடுப்போரம் படுத்துத் தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. உல்யாவை அங்கே அனுப்பினேன். அனுப்பினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமில்லாதவள் அல்ல. பிறகு தகட்டை மூடினேன். பாதிதான் மூடினேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். முழுவதும்தான். ஜன்னல் இடுக்கில் குளிருக்கு அடைத்த பஞ்சு ஏற்கெனவே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ரயில் நிலையத்துக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. நான் யாரையும் முந்தவில்லை.

தாய் நாய் உறுமியதாம். உல்யா திரும்பி வந்து, குளிருக்கு ரிம்மாவின் போர்வைக்குள் நுழைந்து படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இருவரையும் பனியில் இழுத்துப் போட்டபோது ரிம்மா இறந்திருந்தாள்.

உல்யா பிழைத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கை நடுக்கம் நிற்கவில்லை. நிற்காது என்கிறார்கள், மருத்துவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஒரே ஒரு முறை உங்கள் ஆள் துணையோடு அவளைப் பார்க்க விட்டீர்கள். வாசலில் செவிலி என்னை நிறுத்தினாள்.

"அம்மா செத்துட்டாங்கன்னு குழந்தை சொல்லுது. நீங்க யாரும்மா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து உல்யா சொன்னாள்.

"அது பெரியம்மா."

ரயிலில் ஒரே தடவை சொல்லிக்கொடுத்தது. இவ்வளவு நடந்த பிறகும் பிசகவில்லை. சொல்லிக்கொடுத்ததை இப்படிப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையை, ஐயா, எந்தப் பள்ளியும் வேண்டாம் என்று சொல்லாது.