நெஞ்சுக்கறிக்குப் போட்ட விறகு

மாட்டு நெஞ்சுக்கறியை வெட்டாமல் ஒரே துண்டாக வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, டாக்டரம்மா. எங்கள் ஆரம்பாக்கத்தில் கறிக்கடை வைத்திருக்கும் பிராங்க்ளினுக்குக் கையில் கத்தி இருந்தால் கை சும்மா இருக்காது. ஐந்து கிலோ, முழுசாக, கொழுப்பு எடுக்காமல் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டபோது, அவன் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணனுக்கு இன்னாச்சு அண்ணி? கப்பல்ல வெயில் ஜாஸ்தியா?”

“குட்த்துடு பிராங்க்ளின். வூட்லயும் கத்தி கீது, பயந்துக்காதே.”

அப்படியும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு துண்டாவது நறுக்கிவிட்டுத்தான் கொடுத்தான்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். அவரை ஸ்கேன் எடுக்க உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொன்னார். அது போதும். ஒரே ஆளுக்கு, ஒரே வீட்டில், ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை புகை பட்டு எப்படிக் கண் கெடும், பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊர் நர்ஸுக்கு அது தோன்றவில்லை. கறியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நானும் சமையல்காரிதான். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரத்தில் சோறும் குழம்பும் இறக்கி வைப்பேன். அவர் ஒரு துண்டுக் கறிக்குப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது யாரோ புண்ணியவான் இவரைக் கூட்டிப்போய் பிரிஸ்கெட், அதாவது புகையிலேயே வேகவைத்த நெஞ்சுக்கறி, வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றோடு இவருக்குக் குக்கர் விசில் பிடிக்காமல் போய்விட்டது.

எளாவூரில் தங்கவேலின் வெல்டிங் பட்டறையில் ஒரு பழைய இரும்பு டிரம்மைப் படுக்க வைத்து, பாதியாக அறுத்து, கீல் வைத்து, பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி ஒன்று ஒட்டவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். உப்பும் மிளகும் தவிர கறிக்கு வேறொன்றும் கிடையாது. இஞ்சி பூண்டாவது தடவுங்கள் என்றேன். ஏதோ சர்ச்சில் சினிமாப் பாட்டுப் பாடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். விறகு மட்டும் நம் வேலிகாத்தான் முள்மரம். அமெரிக்காவிலும் இதே ஜாதி மரத்தைத்தான் எரிக்கிறார்களாம், பை பையாகக் கட்டிக் கடையில் விற்கிறார்களாம். அதைச் சொல்லும்போது ஏரிக்கரை முழுக்க மண்டிக் கிடக்கிற முள்ளை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

விடியும் முன்னே நெருப்புப் பற்ற வைப்பார். சாயங்காலம் எடுப்பார். நடுவில் அரை மணிக்கு ஒரு தடவை பெட்டிக் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே நீட்டி ஊதுவார். புகை வெள்ளையாக வரக் கூடாதாம். மெலிசாக, நீலமாக வர வேண்டுமாம். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பார். அந்தக் கதவுக்கிட்ட முகத்தைக் கொண்டுபோகிறவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதுதான் பதில்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்கா ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களைக் கேலி செய்வதில் அவருக்கு அவ்வளவு இஷ்டம்.

“இன்னா ஜேம்ஸு, மாடு இன்னும் எய்ந்துக்கலியா?”

“சாயங்காலம் எய்ந்துக்கும்க்கா.”

“அதுக்குள்ள அடுத்த கப்பல் வந்துடப் போவுது. ஏண்டி ஜாக்குலினு, கறிக்கு பன்னெண்டு மணி நேரம் காவல் கீறாரு, ஒனுக்கு மூணு மாசந்தானா? ஒம்போது மாசம் கடல்ல கெடந்தா புள்ள இன்னா தபால்லயா வரும்?”

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒன்றரை வருஷம்தான் என்று மனதுக்குள் திருத்திக்கொள்வேன். அவர் கிளம்பிப் போன மறுநாள் காலையில் பழக்கத்தில் இரண்டு தம்ளர் டீ போட்டுவிடுவேன். ஒன்றை நானே இரண்டாவதாகக் குடிப்பேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், டாக்டரம்மா. அதை ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

முதல் தடவை நடந்தது நான் செய்ததில்லை. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாதம், நல்ல மழை. வீட்டில் இருந்த வேலிகாத்தான் கட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கறி நெருப்பில் ஏறிவிட்டது, பாதியில் நிறுத்தக் கூடாது என்று அவர் தவித்தார். நான் ஏரிப்பக்கம் போய், உப்புக் கழியோரத்தில் புதருக்கு அடியில் அவ்வளவாக நனையாமல் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நான் காட்டூர்க்காரி. நெல்லு விளையும் ஊர். வைக்கோலும் வறட்டியும் தெரியுமே தவிர உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம் எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கே அவருக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது.

பவுனம்மாள் அக்கா வந்து மீதிக் குச்சியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இது தில்லைடி. இத்த யாரும் அடுப்புல வெக்க மாட்டோம். இத்தோட பாலு பட்டாலே கண்ணு பூடும். பொகையும் அப்டித்தான். ஒனுக்கு யாரும் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே இரவும் பகலும் கண்ணைக் கழுவிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமைதான் அவர் சென்னையில் கப்பல் மெடிக்கலுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே முதலில் பார்ப்பதே கண்தானாம். போக முடியவில்லை. அவர் இடத்தில் வேறு யாரோ கப்பல் ஏறிவிட்டார்கள். இவருக்கு மூன்று வாரத்தில் கண் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த கப்பல் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதம் எப்படி இருந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்து இடம் காலியாக இல்லை. சத்துணவுக் கூடத்து வாசலில் சைக்கிளோடு வந்து நிற்பார். என் சாம்பாரில் உப்பு போதவில்லை என்று தினமும் குறை சொல்வார். குறை சொல்ல ஓர் ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை நான் செய்ததுதான்.

அப்படிக் கிடைத்த அந்தக் கப்பலின் மெடிக்கலுக்கு மூன்று நாள் இருந்தது. கப்பல் ஏறுமுன் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு பிரிஸ்கெட் போட வேண்டும் என்றார். நான்தான் விறகு கொண்டுவருவதாகச் சொன்னேன். அதில் தில்லைக் குச்சி கொஞ்சம்தான் போட்டேன். அதுவும் கறியைப் பழுப்புத் தாளில் சுற்றி மூடின பிறகுதான். ஆறு மணி நேரம் புகையில் இருந்ததும் அவர் அப்படிச் சுற்றிவிடுவார், அதற்குமேல் கறிக்குச் சூடு மட்டும்தான் வேண்டும். சாப்பிடுகிற பொருளில் நான் விளையாட மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மிட்டாய் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டேன். ‘கண்ணு எரிஞ்சா வந்துடுங்க’ என்று அவரிடமும் சொன்னேன். அவர்தான் கேட்கவில்லை. புகை ஏன் வெள்ளையாக வருகிறது என்று மறுபடி மறுபடி குனிந்து பார்த்தார்.

கறி நன்றாக இருந்தது. வெந்த கறியைத் துணியில் சுற்றி, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பார். அன்றைக்கு அவரால் முடியவில்லை, நான்தான் வைத்தேன். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு, ‘எப்டி கீது, ஜாக்கு? ஓரம் கருப்பா வந்துச்சா?’ என்று படுத்துக்கொண்டே கேட்டார். வந்திருக்கிறது என்றேன். அதில் பொய்யில்லை.

அப்போதும் மூன்று நாளில் உங்களிடம் கூட்டிவந்துவிட்டேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டேன். நான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அப்போதே பார்வை போயிருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

மூன்றாவது தடவை, மறுபடி கப்பலுக்குக் கூப்பிட்டபோது, அவர் உஷாராகிவிட்டார். என்மேல் சந்தேகப்பட்டு அல்ல. தன் ராசிமேல்தான் சந்தேகம். தங்கவேலிடமிருந்து வெல்டிங் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று காலையில் அதைக் காணவில்லை. நானும் அவரோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். அவரே எங்கேயோ வைத்து மறந்துவிட்டார் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் எதற்கு மறைப்பது? அரிசி டப்பாவுக்குள் இருந்தது. நான்தான் வைத்தேன்.

அந்தத் தடவை தில்லைக் கட்டை கூடுதலாகப் போய்விட்டது. மழை இல்லாததால் நன்றாகப் பற்றிக்கொண்டது. பவுனம்மாள் அக்கா வேலியோரம் வந்து நின்றவர், மூக்கை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஒனுக்கு இன்னும் கட்டை தெர்லியா, ஜாக்குலினு?”

“எல்லாக் கட்டையும் ஒரே மாதிரிதான்க்கா கீது.”

அவர் ஓடிப்போய் ஜேம்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் கேலி பேச வருவதில்லை. அது எனக்கு வருத்தம்தான். எதிரே பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இப்போது ஐந்து மாதமாக அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியவில்லை. ஆனால் வீட்டைப் பார்த்தால் சந்தோஷமான வீடு என்றுதான் சொல்வீர்கள். காலையில் இரண்டு தம்ளர் டீ. சத்துணவுக் கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கப்பல் கதை சொல்வார். தாளித்த வாசனையை வைத்தே ‘கடுகு தீஞ்சுப் போச்சுடி’ என்பார். போன ஞாயிற்றுக்கிழமை கறியை விரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றார். சரியாக இருந்தது. பிராங்க்ளினே அசந்துபோனான். விறகு வேலிகாத்தான்தான். இனிமேல் வேறு விறகுக்கு அவசியம் கிடையாது.

ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது அவர் சட்டென்று அழுதார்.

“ஒன்ன ரொம்பக் கஷ்டப்படுத்தறேன், ஜாக்கு. மன்னிச்சுக்கோ.”

நான் மன்னித்துவிட்டேன். எனக்கு அவர்மேல் எப்போதும் கோபம் இருந்ததில்லை.

நீங்கள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை, அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கே ஓடுவது? என்ன, நான் உள்ளே போய்விட்டால் அவருக்குச் சொட்டு மருந்து விட ஆளிருக்காது. அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நான்தான் செய்தேன் என்று எங்கே எழுதச் சொன்னாலும் எழுதித் தருகிறேன். ஆசைப்பட்டுச் செய்தேன், கெடுதலாகச் செய்யவில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ள மட்டும் இடம் வேண்டும்.

ஆபரேஷனுக்கு நீங்கள் கொடுத்த இந்தத் தாளைப் படித்துப் பார்த்தேன். இறந்தவர் கொடுத்த கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைப்பீர்கள், இரண்டு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக வாய்ப்பிருக்கிறது, கூட இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று போட்டிருக்கிறது. அவரிடம் நீங்கள் சொன்னபோது அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று நானும் பார்த்தேன். வெளியே வந்ததும் முதல் வார்த்தையே, கப்பல் ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடு என்றுதான் கேட்டார். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் வந்துவிடுவார். அதற்குள் எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். ஒரு கண் மட்டும் தெரிகிற ஆளைக் கப்பலில் சேர்த்துக்கொள்வார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்றால் பேனாவைக் கொடுங்கள், ஒரு கண்ணுக்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?